முதுநகர் லேத் பட்டறைக்கு மறு ஒயரிங்: நியூட்ரலையும் எர்த்தையும் பிரித்து, பிரிந்திருப்பதை அளந்தும் காட்டிய சேவை

பட்டறை ஒயரிங் செய்பவர்களை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியிலிருந்து கடைசி பிளக் பாயின்ட் வரை நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) எர்த்தும் (பழுதில் கரண்ட்டை மண்ணுக்கு இறக்கும் பாதுகாப்புக் கம்பி) ஓரிடத்திலும் ஒன்றையொன்று தொடாமல் வந்திருக்க வேண்டும். அப்படி வந்திருப்பதை வேலை முடிந்தபின் மீட்டர் வைத்துக் காட்டவும் வேண்டும். கடலூர் முதுநகரில் உள்ள எங்கள் லேத் பட்டறைக்கு இந்த ஒப்பந்ததாரர் செய்து தந்த மறு ஒயரிங் அந்தச் சோதனையில் முழுமையாகத் தேறியிருக்கிறது. விளம்பரம் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. வேலையின் தரத்தையும், எனக்குத் திருப்தி தராத சில விஷயங்களையும் எழுதுகிறேன். பட்டறை வைத்திருப்பவர்கள் தங்கள் ஒயர்மேனிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் மகிழ்ச்சி.

எங்கள் பட்டறை உப்பனாற்றங்கரைப் பக்கம், மீன்பிடித் துறைமுகத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. படகு இன்ஜின்களுக்கான புரொப்பெல்லர் ஷாஃப்ட் கடைவது, புஷ் போடுவது, தேய்ந்த பாகங்களை வெல்டிங் வைத்து மீண்டும் கடைந்து தருவது ஆகியவையே பெரும்பாலான வேலை. இரண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், பெஞ்ச் கிரைண்டர், கம்ப்ரஸர், வெல்டிங் மெஷின், கை கிரைண்டர்கள் என்று எல்லாமே இரும்பு உடம்பு கொண்ட இயந்திரங்கள். தரை பெரும்பாலும் ஈரமாக இருக்கும். ஷாஃப்ட்டைக் கொண்டுவருகிறவர்கள் படகிலிருந்து நேராக வெறுங்காலோடு வருவார்கள். கடற்காற்றின் உப்பு இந்த ஊரில் எந்த இரும்புப் பட்டையையும் சில வருடங்களில் அரித்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் கடந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். கம்பி அறுந்து, மின்கம்பம் சாய்ந்து, நியூட்ரல் துண்டிக்கப்படுவது இங்கே ஏட்டில் மட்டும் இருக்கும் ஆபத்தன்று.

பட்டறையை வாங்கியபோது அதிலிருந்த ஒயரிங்கோடு சேர்த்தே வாங்கினோம். அதைச் செய்தவர் யார் என்று தெரியாது. பெஞ்ச் கிரைண்டரைத் தொட்டால் மழைநாளில் விரலில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று பணியாளர்கள் சொல்லத் தொடங்கினர். பெட்டியில் ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் தானாகத் துண்டிக்கும் கருவி) இருந்தது. ஆனால் அதன் உள்வரும் கம்பியும் வெளியேறும் கம்பியும் ஒரே முனையில் சேர்த்து முறுக்கப்பட்டு, அது வெறும் அலங்காரப் பொருளாக நின்றிருந்தது. எப்போது போட்டாலும் தானாக அணைந்து விழுந்துகொண்டே இருந்ததால் யாரோ அதை இப்படிச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். இதைச் சரிசெய்யச் சிலரிடம் விலை கேட்டபோது, ஒருவர் புதிய ஆர்சிசிபி வாங்கி மாட்டினால் போதும் என்றார். இன்னொருவர் எர்த் குழியில் உப்பும் தண்ணீரும் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எர்த் கம்பியில் ஓடும் கரண்ட்டை அளந்தவர் இந்த ஒப்பந்ததாரர் மட்டும்தான்.

முதல் ஆய்வுக்கு வந்த மேற்பார்வையாளர் எல்லா இயந்திரங்களையும் வழக்கம்போல் ஓடவிடச் சொன்னார். பிறகு டிபி பெட்டியிலிருந்து எர்த் குழிக்குப் போகும் கம்பியை மட்டும், வெட்டாமலே கரண்ட்டை அளக்கும் டாங் டெஸ்டரின் வாய்க்குள் வைத்தார். 1.1 ஆம்பியர் காட்டியது. எர்த் கம்பி சும்மா இருக்க வேண்டிய கம்பி. பழுது ஏற்படும் அந்தக் கணத்தில் மட்டுமே அதில் கரண்ட் ஓடலாம். ஆரோக்கியமான ஒயரிங்கில் அங்கே இயந்திரங்களின் இயல்பான கசிவாகச் சில மில்லி ஆம்பியர்தான் தெரியும். ஒரு ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது என்றால், எங்கோ நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்து, நியூட்ரல் வழியே திரும்ப வேண்டிய கரண்ட்டின் ஒரு பகுதி மண் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆர்சிசிபி விழுந்ததற்கும் அதுவே காரணம். ஃபேஸில் (கரண்ட்டைக் கொண்டுவரும் கம்பி) போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டும் சமமாக இருக்கின்றனவா என்பதைத்தான் அந்தக் கருவி ஒரு வளையத்தின் வழியே கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் கருவியென்றால் வித்தியாசம் அந்த அளவைத் தொட்டதும் விழுந்துவிட வேண்டும். அது தன் வேலையைச் செய்தது. அதைத்தான் யாரோ குற்றவாளியாக்கி வாயைக் கட்டியிருக்கிறார்கள்.

அதன்பின் சப்ளையை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பிளக் பாயின்ட்டாகக் கழற்றினார்கள். பெஞ்ச் கிரைண்டர் சொருகப்பட்டிருந்த 16 ஆம்பியர் சாக்கெட்டை அவர் என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நியூட்ரல் முனையிலிருந்து மேலே எர்த்துக்கென்று உள்ள பெரிய துளையின் முனைக்கு, ஒரு விரல் நீளச் சிவப்புக் கம்பித் துண்டு வளைத்துப் போடப்பட்டிருந்தது. நியூட்ரல் திருகு சூட்டில் கறுத்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி நொறுங்கத் தயாராக இருந்தது. அந்தப் பாயின்ட்டுக்குப் பச்சைக் கம்பியே வரவில்லை. எர்த் இழுக்கும் செலவை மிச்சப்படுத்த, நியூட்ரலையே எர்த்தாகக் காட்டியிருக்கிறார்கள். இன்னும் சில சாக்கெட்டுகளில் பச்சைக் கம்பியும் வந்திருந்தது, இந்தத் துண்டும் இருந்தது. மண் வழியே திரும்பிய கரண்ட்டில் பெரும்பகுதி அவற்றின் வழியாகத்தான் போனது.

இந்தச் சிறு துண்டுக் கம்பி நம் ஊர்களில் எத்தனை வீடுகளிலும் கடைகளிலும் இருக்கிறது என்று நினைத்தாலே எனக்கு அச்சமாக இருக்கிறது. நியூட்ரலும் எர்த்தும் கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றாகத்தானே சேருகின்றன, இங்கே சேர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் சேருவது உண்மை. அதன் நியூட்ரல் முனையை மின்வாரியம் அங்கே மண்ணோடு இணைக்கிறது. ஆனால் அங்கிருந்து நம் சாக்கெட் வரை வரும் வழியில் நியூட்ரல் கம்பி லோடு கரண்ட் முழுவதையும் சுமந்து வருகிறது. எத்தனையோ திருகுகளையும் முறுக்குகளையும் கடந்து வருகிறது. அவற்றில் ஒன்று தளர்ந்து விட்டுப்போனால், கிரைண்டரின் ஸ்விட்சைப் போட்ட நொடியில் ஃபேஸ் மோட்டாரின் சுருள் வழியாக நியூட்ரல் முனைக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், அந்தச் சிவப்புத் துண்டு வழியே கிரைண்டரின் உடம்புக்கு ஏறிவிடும். 230 வோல்ட் இரும்பு உடம்பில் நிற்கும், கிரைண்டரோ ஓடாது. ஏன் ஓடவில்லை என்று பார்க்க ஒருவர் கை வைப்பார். இதைவிடக் கொடிய நிலை ஒன்றும் உண்டு. கம்பத்தில் வேலை நடந்து ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி வந்துவிட்டால், ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் உடம்பு நேரடியாக ஃபேஸோடு இணைந்திருக்கும்.

எங்கள் பழைய மெயின் போர்டில் இதற்குத் துணையாக இன்னொன்றும் இருந்தது. ஃபேஸுக்குப் போட்டதுபோலவே நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ் கட்டை. மின் பாதுகாப்பு விதிகள் இதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. ஃபேஸோடு சேர்ந்தே திறந்து மூடும் ஸ்விட்ச் இருக்கலாம், நியூட்ரல் மட்டும் தனியாக அறுந்துபோக வழி வைக்கக்கூடாது. நியூட்ரல் ஃபியூஸ் உருகினால் விளக்கு அணைந்துவிடும், கரண்ட் இல்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். ஃபேஸ் மட்டும் அப்படியே உள்ளே நிற்கும். சாக்கெட்டில் அந்தத் துண்டுக் கம்பியும், போர்டில் இந்த ஃபியூஸ் கட்டையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. இவ்வளவு காலம் அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கு நாங்கள் நன்றி சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆய்வில் நான் மிகவும் மெச்சியது அவர்கள் பெரிய லேத்தில் கண்டுபிடித்ததைத்தான். மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை என்பதால் அந்த லேத்துக்கு மூன்று ஃபேஸும் எர்த்தும் மட்டுமே வந்திருந்தன. ஆனால் கடையும் இடத்துக்கு மேலே ஒரு 60 வாட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நியூட்ரல் வராத இயந்திரத்தில் 230 வோல்ட் விளக்கு எப்படி எரியும்? ஒரு ஃபேஸை எடுத்து, மறுமுனையை லேத்தின் உடம்பிலேயே திருகி விட்டிருந்தார்கள். அந்த விளக்கின் 0.26 ஆம்பியர் கரண்ட் முழுவதும் எர்த் கம்பி வழியேதான் திரும்பியது. எர்த் கம்பி ஒருநாள் அரித்து அறுந்திருந்தால், லேத்தின் உடம்பு முழுவதும் அந்த இழையின் வழியே உயிர்பெற்றிருக்கும். 60 வாட் இழை ஒரு மனிதனைக் காப்பாற்றும் அளவுக்குக் கரண்ட்டைக் குறைக்காது. சாக்கெட்டுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற ஒருவர் இதைக் கண்டிருக்க முடியாது. இவர்கள் இயந்திரங்களின் கண்ட்ரோல் பெட்டிகளையும் திறந்து பார்த்தார்கள். கான்டாக்டர் (மோட்டாரை இயக்கும் காந்த ஸ்விட்ச்) சுருளின் மறுமுனையை இதேபோல் உடம்பில் கொடுத்திருக்கும் இயந்திரங்களும் பல பட்டறைகளில் உண்டு என்று சொன்னார்கள். இப்போது எங்கள் லேத்துக்கு ஐந்தாவது கம்பியாக நியூட்ரல் தனியே வருகிறது.

மதிப்பீட்டைத் தாளில் எழுதித் தந்தார்கள். கேபிள், பெட்டி, ஆர்சிசிபி, எர்த் குழி, கூலி, சோதனை என்று தனித்தனியாகப் பிரித்திருந்தது. கேட்காமலே மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒப்பந்ததாரர் உரிமத்தையும், மேற்பார்வையாளரின் தகுதிச் சான்றிதழையும் காட்டினார்கள். மற்றவர்கள் சொன்ன தொகையைவிட இவர்கள் சொன்னது கணிசமாக அதிகம். மொத்தம் 1,38,000 ரூபாய் ஆயிற்று. சிறு பட்டறைக்கு இது எளிதான தொகையன்று. எர்த்துக்கென்று ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனிப் பச்சைக் கம்பியும், இரண்டு புதிய எர்த் குழிகளும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். குறைத்துச் சொன்னவர்கள் விட்டுவிட்டவை இவைதாம்.

வேலை தொடங்கும் முன் நான் ஒரு கேள்வி கேட்டேன். இணையத்தில் காணும் அமெரிக்கக் காணொளிகளில் மெயின் பெட்டிக்குள் நியூட்ரல் பட்டையையும் எர்த் பட்டையையும் ஒரு திருகால் இணைக்கிறார்களே, நாமும் அப்படிச் செய்ய வேண்டுமா என்று. அதற்கு மேற்பார்வையாளர் பொறுமையாக விளக்கம் சொன்னார். அங்கே 120/240 வோல்ட் முறையில், கட்டடத்துக்குள் சப்ளை நுழையும் ஒரே ஓரிடத்தில் மட்டும் அந்த இணைப்பைப் போடுவது அவர்கள் விதி. அதைத் தாண்டிய எந்தத் துணைப் பெட்டியிலும் இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும் என்பதும் அதே விதியின் மறுபாதி. பட்டறைக்குத் தனித் துணைப் பெட்டி வைக்கும் அமெரிக்கர்கள் அடிக்கடி தவறுவதும் அந்த மறுபாதியில்தான். நமக்கு மேலே ஓடும் கம்பியிலிருந்து சப்ளை வருகிறது. நியூட்ரலை மண்ணோடு இணைப்பது மின்வாரியத்தின் பொறுப்பு. நம் எர்த் நம் குழியிலிருந்து தனியாகத் தொடங்குகிறது. நாம் நம் பெட்டியில் இரண்டையும் சேர்த்துவிட்டால், தெருவில் நியூட்ரல் அறுந்த அன்று அக்கம்பக்கத்து வீடுகளின் லோடு கரண்ட்டெல்லாம் நம் பட்டறையின் எர்த் குழியைத் தேடி வரும், நம் இயந்திரங்களின் உடம்பில் வோல்டேஜ் ஏறும். புயல் அடிக்கும் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

புதிய டிபி பெட்டியைத் திறந்து பார்த்தாலே வேலையின் தரம் தெரிகிறது. எர்த் பட்டை பெட்டியின் இரும்போடு நேரடியாகப் போல்ட் போடப்பட்டிருக்கிறது. நியூட்ரல் பட்டைகள் இன்சுலேட்டர் கால்களின் மேல், இரும்பைத் தொடாமல் நிற்கின்றன. பட்டைகள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. லேத்துகளுக்கு ஒன்று, சாக்கெட்டுகளுக்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒன்று என்று மூன்று ஆர்சிசிபிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நியூட்ரல் பட்டை. ஒரு ஆர்சிசிபியின் ஃபேஸில் போன கரண்ட் இன்னொன்றின் நியூட்ரலில் திரும்பினால் இரண்டுமே விழும். எல்லா நியூட்ரலையும் ஒரே பட்டையில் கட்டிவிட்டு, ஆர்சிசிபி சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு சர்க்யூட்டின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் ஒரே எண் போட்ட வளையம் மாட்டியிருக்கிறார்கள். ஃபேஸ்கள் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. கறுப்புக் கம்பி தீர்ந்துபோன ஒரு நாளில், கையிலிருந்த பச்சையை நியூட்ரலுக்குப் போட்டு டேப் சுற்றிக்கொள்ளலாமா என்று உதவியாள் கேட்டபோது, மேற்பார்வையாளர் வேலையை நிறுத்திவிட்டுக் கடைக்கு ஆள் அனுப்பினார். அது சிறிய விஷயமாகத் தெரியலாம். பத்து வருடம் கழித்து இன்னொருவர் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது நிறத்தை நம்பித்தான் கை வைப்பார்.

லேத்துகளுக்கு 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, சாக்கெட்டுக்கும் விளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் என்று பிரித்தது சரியான முடிவு. சிறிய லேத்தில் வேகக் கட்டுப்பாட்டுக்கு டிரைவ் இருக்கிறது. அதன் ஃபில்டர் எப்போதும் கொஞ்சம் கரண்ட்டை எர்த்துக்குக் கசியவிடும் என்பதால் 30-இல் அது நிற்காது. கையில் பிடித்து வேலை செய்யும் கிரைண்டர், ட்ரில் போன்றவை சொருகப்படும் இடத்தில் 30-க்கு மேல் போகக்கூடாது.

எர்த் குழி விஷயத்தில் அவர்கள் காட்டிய அக்கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய குழியைத் தோண்டியபோது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை குழாயோடு சேரும் இடத்தில் துருவைத் தவிர வேறொன்றும் இல்லை. விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. கடலோர மண்ணில் உப்பும் ஈரமும் இருப்பதால் எர்த் அளவு எளிதில் நன்றாக வந்துவிடும், ஆனால் அதே உப்பு இரும்பைத் தின்றும்விடும். குழியில் உப்பு ஊற்றச் சொன்னவரின் யோசனை இந்த ஊருக்கு ஏன் பொருந்தாது என்பது அப்போது புரிந்தது. செம்புப் பூச்சுள்ள தண்டும், உப்புக்குப் பதிலாக பென்டோனைட் என்ற களிமண் கலவையும் போட்டு இரண்டு குழிகள் அமைத்தார்கள்; மூன்று ஃபேஸ் மோட்டார்களின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது விதி. இரண்டையும் சேர்த்து அளந்தபோது 2.8 ஓம் வந்தது.

அந்த எண்ணைக் கண்டு நான் மகிழ்ந்தபோது மேற்பார்வையாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த்தையும் சேர்த்து மண் வழிப் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஃபேஸ் நேராக லேத்தின் உடம்பில் பட்டாலும் ஓடக்கூடிய கரண்ட் 230-ஐ 5-ஆல் வகுத்த 46 ஆம்பியர்தான். சி வகை 32 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறிய கரண்ட் ஓடினால் துண்டிக்கும் ஸ்விட்ச்) உடனே விழ வேண்டுமானால் அதன் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 160 முதல் 320 ஆம்பியர் வேண்டும். 46 ஆம்பியருக்கு அது ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் நிற்கலாம். அவ்வளவு நேரமும் லேத் உடம்பு உயிரோடு இருக்கும். எர்த் நன்றாக இருக்கிறது, எம்சிபி இருக்கிறது, ஆர்சிசிபி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் கேட்டதில்லை. 300 மில்லி ஆம்பியர் கருவி இருந்தால், நம் குழியின் 2.8 ஓமில் உடம்பில் ஒரு வோல்ட்கூட ஏறுவதற்குள் அது கவனித்துவிடும். அந்தக் கருவி உண்மையைப் பார்க்க வேண்டுமானால் அதற்குப் பின்னால் நியூட்ரலும் எர்த்தும் எங்கும் சேரக்கூடாது.

ஒப்படைக்கும் நாளில் செய்த சோதனைகளுக்காகவே இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன். மெயினை அணைத்து, எல்லா நியூட்ரல் கம்பிகளையும் பட்டையிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எர்த் பட்டைக்கும் இடையே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வைத்தார்கள். ஒரு மெகாஓமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. எங்களுடையவை எல்லாம் அதைவிடப் பல மடங்கு மேலே இருந்தன. ஒன்று மட்டும் நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்தது. தேடியதில், வெளி விளக்குப் பெட்டிக்குள் மூடியின் திருகு கறுப்புக் கம்பியின் தோலைத் துளைத்து இரும்போடு ஒட்டியிருந்தது தெரிந்தது. அந்த இடத்தில் ஃபேஸ் எதுவும் படாததால் எந்த ஃபியூஸும் போயிருக்காது, ஆர்சிசிபி விழாதவரை விளக்கும் எரிந்திருக்கும். நியூட்ரலைக் கழற்றி அளக்காமல் பழுது எந்த சர்க்யூட்டில் என்று கண்டுபிடிப்பது கடினம். தங்கள் ஆளே செய்த பிழையை எங்கள் முன்னாலேயே சரிசெய்து, அதையும் சோதனைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

பிறகு ஒவ்வொரு சாக்கெட்டிலும் சோதனைக் கருவியைச் சொருகி ஆர்சிசிபி விழும் நேரத்தை அளந்தார்கள். 30 மில்லி ஆம்பியருக்கு 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். எங்களுக்கு எங்கும் 40-ஐத் தாண்டவில்லை. ஆர்சிசிபியின் மேலுள்ள டெஸ்ட் பட்டன் அந்தக் கருவிக்குள் இருக்கும் பொறியை மட்டுமே சோதிக்கும், சாக்கெட்டில் எர்த் வந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது என்பதையும் பணியாளர்களை அழைத்துச் சொன்னார்கள்.

கடைசியாகச் செய்த அளவீடு எனக்குப் புதியது. எல்லா லோடும் ஓடும்போது கடைக்கோடி சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்த்தார்கள். 2.3 வோல்ட் காட்டியது. பூஜ்யம் வந்திருந்தால்தானே நல்லது என்று கேட்டேன். “லோடு ஓடும்போது பூஜ்யம் காட்டுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க சார், பக்கத்துல எங்கேயோ ரெண்டும் சேர்ந்திருக்குன்னு அர்த்தம்” என்றார் மேற்பார்வையாளர். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம் தடை. 25 மீட்டருக்கு 0.2 ஓம், அதில் 15 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் நியூட்ரலில் விழுந்தே ஆக வேண்டும். லோடுக்கு ஏற்ப ஏறி இறங்கும் சில வோல்ட் ஆரோக்கியத்தின் அடையாளம். பல பத்து வோல்ட் காட்டினால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது என்று பொருள். வீட்டில் சாதாரண மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களும் இதைக் கவனமாகப் பார்க்கலாம். ஆனால் சாக்கெட்டைத் திறந்து கை வைப்பதை உரிமம் உள்ளவரிடம் விட்டுவிட வேண்டும்.

வெல்டிங் மெஷின் பற்றி அவர்கள் சொன்ன அறிவுரையும் ஒயரிங்கோடு சேர்ந்ததே. வெல்டிங் ரிட்டர்ன் கிளாம்பை வேலைப் பொருளிலேயே, வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகில் மாட்ட வேண்டும். மேசைக் காலிலோ லேத் படுக்கையிலோ மாட்டினால், நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட வெல்டிங் கரண்ட் லேத்தின் எர்த் கம்பி வழியே சுற்றிவந்து அதைச் சத்தமில்லாமல் எரித்துவிடும். அன்றிலிருந்து அந்த லேத்துக்கு எர்த் இல்லை என்பது யாருக்கும் தெரியாது. இப்போது எங்கள் பட்டறையில் லேத்தில் பூட்டிய ஷாஃப்ட்டுக்கு வெல்டிங் வைப்பதே இல்லை.

குறைகளும் உண்டு. சொன்ன தேதியில் வேலை முடியவில்லை. மழை ஒரு காரணம் என்றாலும், இன்னொரு இடத்து வேலைக்கு ஆட்களை இடையில் அனுப்பியதும் காரணம், அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. சுவரில் வெட்டிய இடங்களைப் பூசித் தருவது தங்கள் வேலையில்லை என்று கடைசியில்தான் தெரிவித்தார்கள். மதிப்பீட்டுத் தாளில் அது இல்லை. பெட்டியின் கதவில் ஒட்டிய சர்க்யூட் விவரத் தாள் சாதாரணத் தாள்; எண்ணெய்க் கை பட்டு அழிந்துவருகிறது. சோதனை அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால் பட்டறையில் வேலை செய்யும் தம்பிகளால் அதைப் படிக்க முடியவில்லை. யார் உயிருக்காக இந்த வேலை நடந்ததோ அவர்கள் மொழியில் ஒரு பக்கமாவது தந்திருக்கலாம். தொலைபேசியில் அழைத்தால் மாலைக்கு மேல்தான் எடுக்கிறார்கள் என்பதும் புதிதாக அணுகுபவர்கள் அறிந்திருக்க வேண்டியது.

வேலையின் உள்ளடக்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். நேரத்துக்கும் தகவல் சொல்வதற்கும் மூன்று.

ஜெனரேட்டர் இணைப்பு மட்டும் இன்னும் பாக்கி. இப்போது இருப்பது மின்வாரிய சப்ளைக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மூன்று ஃபேஸை மட்டும் மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் அருகிலேயே மண்ணோடு இணைக்க வேண்டும் என்பது விதி. மின்வாரிய நியூட்ரலும் ஜெனரேட்டர் நியூட்ரலும் நிரந்தரமாகச் சேர்ந்தே இருக்கும் இந்த ஸ்விட்சோடு அதைச் செய்தால், மின்வாரிய சப்ளையில் ஓடும்போதும் நியூட்ரல் நம் வளாகத்துக்குள்ளேயே எர்த்தோடு சேர்ந்துவிடும், இவ்வளவு பாடுபட்டுப் பிரித்தது பின்வாசல் வழியே மறுபடி ஒன்றாகிவிடும். அதனால் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு துருவ ஸ்விட்ச் வாங்கும் வரை ஜெனரேட்டரைப் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்விட்சுக்கு முன்பணம் கட்டியாயிற்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அதையும் இவர்களே மாட்டித் தரப்போகிறார்கள். இந்த முறை தேதியையும், தமிழில் ஒரு பக்க விளக்கத்தையும், பூச்சு வேலை யாருடையது என்பதையும் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதி வாங்கிவிட்டேன்.